2012-இல் பதிவான ஆல்பம் 1972-ஐப் போல ஒலிப்பது எப்படி? ஸ்டீவன் வில்சனின் 'ரேவன்' குறித்து ஒரு கேள்வி

அல்சூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலேய ராக் இசைஞர் ஸ்டீவன் வில்சனின் 'தி ரேவன் தட் ரெஃப்யூஸ்ட் டு சிங்' ஆல்பத்தைச் சில வாரங்களாக விடாமல் கேட்டு வருகிறேன். 2012 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் பதிவாகி, 2013 பிப்ரவரியில் வெளிவந்த ஆல்பம் இது. ஆண்டைச் சொல்லாமல் எவருக்காவது போட்டுக் காட்டினால், எழுபதுகளின் தொடக்கத்தில் லண்டனில் பதிவானது என்றுதான் நினைப்பார். ஹாமண்ட் ஆர்கன், புல்லாங்குழல், மெலட்ரான், பன்னிரண்டு நிமிடங்கள் நீளும் முதல் பாடல், பாடலுக்குப் பாடல் ஓர் ஆவிக்கதை என எல்லாமே கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ் போன்ற அன்றைய புரோகிரசிவ் ராக் குழுக்களின் (நீண்ட, சிக்கலான பாடல்களைச் செய்தவர்கள்) வழியிலேயே செல்கின்றன.

பழைய ஒலியைப் போலச் செய்து தரும் மென்பொருள்கள் இன்று எல்லாரிடமும் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு செய்யப்பட்ட பாடல்கள் பழைய புகைப்படத்தின் நிறம் பூசப்பட்டவை என்பது கேட்டவுடன் தெரிந்துவிடுகிறது. இந்த ஆல்பத்தில் அப்படித் தெரியவில்லை. இதற்குக் காரணம் கருவிகளா, பதிவு செய்த முறையா, இசையமைப்பா என்பதுதான் என் முதல் ஐயம்.

இரண்டாவது ஐயம் தாளம் பற்றியது. சிறுவயதில் சில ஆண்டுகள் மிருதங்கம் கற்றவன் என்பதால், எதைக் கேட்டாலும் கை தானாகத் தொடையில் தட்டத் தொடங்கிவிடும். இந்த வகை இசையில் மட்டும் என் கணக்கு நிற்பதில்லை; சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, எங்கே விழுகிறது என்று தேடுவதற்குள் பாடல் வேறெங்கோ போய்விடுகிறது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் செல்லும்போதுதான் பெரும்பாலும் கேட்கிறேன். மெல்லிய பகுதிகள் ரயிலின் இரைச்சலில் முழுதும் காணாமல் போகின்றன. ஆல்பத்தின் ஒலி அளவு அப்படியா, என் காதொலிப்பானின் குறையா? அலுவலக நண்பர் ஒருவர் இதை வெறும் நகல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டார். அவருக்குச் சொல்ல ஏதேனும் பதில் இருந்தால் அதையும் எழுதுங்கள்.

நாடாச்சுருள்:

நான் இந்திராநகரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணிபுரிகிறேன். அதனால் உங்கள் முதல் ஐயத்தையும் மெட்ரோ பற்றிய கேள்வியையும் எடுத்துக்கொள்கிறேன். தாளத்தைப் பற்றி எழுத இங்கே தகுதியானவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன மூன்று காரணங்களில் பதிவு முறையையே முதலில் வைப்பேன். இந்த ஆல்பத்துக்கு வில்சன் அமர்த்திக்கொண்ட ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ். பிங்க் ஃப்ளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை லண்டனின் அபே ரோடு கூடத்தில் பதிவு செய்தவர். இன்று பெரும்பாலான ராக் பாடல்களில் டிரம்ஸ் ஒரு நாளும் கிடார் இன்னொரு நாளும் பதிவாகின்றன. பாடுபவர் வேறு ஊரில் இருந்துகொண்டு தன் குரலை அனுப்பி வைக்கிறார். பிறகு கணினித் திரையில் ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள் இழுத்து நிறுத்திச் சீராக்குகிறோம். நானே அன்றாடம் செய்யும் வேலைதான் இது. 'ரேவன்' ஆல்பத்திலோ கத்ரி கோவன் கிடாரும், நிக் பெக்ஸ் பேஸ் கிடாரும், மார்கோ மின்னமன் டிரம்ஸும், ஆடம் ஹோல்ஸ்மன் விசைக்கருவிகளும், தியோ டிராவிஸ் புல்லாங்குழலும் சாக்ஸபோனுமாகக் கூடத்தில் ஒன்றாக அமர்ந்து வாசித்தார்கள். அப்படிக் கூடி வாசிக்கும்போது ஒருவர் இம்மியளவு முந்தினால் மற்றவர் அதை உணர்ந்து உடன் செல்கிறார், புல்லாங்குழல் மூச்சு வாங்கும் இடத்தில் டிரம்ஸ் கைகள் தாமாகவே தணிகின்றன. இந்த ஏற்றத்தாழ்வைத் தனித்தனியே பதிவு செய்துவிட்டுப் பின்னர் சேர்க்க முடிவதில்லை. மென்பொருள் பூசும் பழைய நிறத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

கருவிகளைப் பொறுத்தவரை மெலட்ரானைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இசையின் பாதி மாயம் அதற்குள்தான் இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் உருவான விசைப்பலகைக் கருவி அது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டுக் காந்த நாடா இருக்கும். அதில் வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ பாடகர் குழுவோ அந்த ஒரே சுரத்தை இசைத்துப் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா உருளையோடு சேர்ந்து ஓடத் தொடங்கும், விரலை எடுத்தால் வில் ஒன்று நாடாவைத் தொடக்கத்துக்கே இழுத்துவிடும். நாடாவின் நீளம் ஏறத்தாழ எட்டு நொடிகளுக்கு மட்டுமே போதும். அதற்குமேல் எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் ஒலி நின்றுவிடும். ஆகவே வாசிப்பவர் நாடா தீர்வதற்குள் விரல்களை மாற்றியாக வேண்டும். அந்தக் காலப் பாடல்களில் மெலட்ரானின் சுரக்கூட்டுகள் பெரிய அலைகளாக வந்து வந்து விலகுவதற்கு அழகுணர்ச்சியோடு இந்த நாடாக் கணக்கும் ஒரு காரணம். நாடாக்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதும் இல்லை. அந்தச் சிறு தள்ளாட்டம்தான் நீங்கள் கேட்கும் நடுக்கம். 'ரேவன்' பதிவில் வில்சன் பயன்படுத்தியது கிங் கிரிம்சன் குழுவின் பழைய மெலட்ரானையே. முதல் பாடலான 'லுமினால்' முடிவை நெருங்கும்போது அது எல்லாக் கருவிகளையும் மூடிக்கொண்டு எழுகிறது. அந்த இடத்தை மட்டும் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

இவற்றைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. வில்சன் 2009 முதல் கிங் கிரிம்சன் ஆல்பங்களின் மூல நாடாக்களை எடுத்து மறுகலவை செய்தவர். ஜெத்ரோ டல் குழுவின் 'ஆக்வாலங்' ஆல்பத்தின் மறுகலவை 2011-இல் வந்தது. மறுகலவை என்றால் குரல், கிடார், டிரம்ஸ் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டு, அவற்றை முதலிலிருந்து சேர்ப்பது. மற்றவர்கள் முடிந்த பாடலைக் கேட்டுப் பழகினார்கள் என்றால், இவர் அந்தப் பாடல்கள் கட்டப்பட்ட விதத்தை உள்ளிருந்தே பார்த்திருக்கிறார்.

மெட்ரோவில் மெல்லிய பகுதிகள் கேட்காததற்கு உங்கள் காதொலிப்பான் காரணமல்ல. இன்றைய பெரும்பாலான பாடல்களில் மெல்லிய ஒலியை உயர்த்தி உரத்த ஒலியை அழுத்தி, எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும்படி செய்துவிடுவதால், அவை எந்த இரைச்சலிலும் கேட்கும். வில்சன் அவ்வாறு அழுத்துவதை எதிர்ப்பவர். பியானோ பியானோ அளவிலும் டிரம்ஸ் டிரம்ஸ் அளவிலும் இருக்க வேண்டும் என்று விட்டுவைத்த பதிவை, வீட்டில் இரவு பத்து மணிக்கு மேல் கேட்பதே நியாயம்.

பழையகேசட்:

நாடாச்சுருள் எழுதியதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுதியது அனைத்தும் அந்த அலுவலக நண்பரின் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது என்பதைக் குறிப்பிட விரும்புகிறேன்.

1969-இல் கிங் கிரிம்சன் தம் முதல் ஆல்பத்தில் மெலட்ரானை வாசித்தபோது, அது பழம்பொருள் அல்ல. அன்று கிடைத்த புதிய பொறிகளில் ஒன்று. அறுபதுகளின் சைக்கடெலிக் இசையின், அதாவது மயக்கநிலையை ஒலியில் காட்ட முயன்ற ராக் இசையின், பெயர்பெற்ற ஒலிகளில் பல, கூடத்தில் இருந்த பொறியாளர்கள் ஏதோ ஒரு தேவைக்காகச் செய்த புதுமைகள். ஒரே குரலைத் திரும்பத் திரும்பப் பாடிச் சேர்க்கும் அலுப்பைத் தவிர்க்க, 1966-இல் அபே ரோட்டில் கென் டவுன்சென்ட் இரண்டாவது நாடாப் பொறி ஒன்றை இணைத்துக் குரலைத் தானாகவே இரட்டிக்கும் வழியைக் கண்டார். ஒரே ஒலியை இரண்டு பொறிகளில் ஓடவிட்டு, ஒன்றின் சுருள் விளிம்பில் விரலை வைத்து இலேசாகத் தடுத்தால், இரண்டு ஒலிகளும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு விமானம் கடந்து போவதைப் போன்ற சுழற்சி எழும். அவர்களில் எவரும் நாற்பதாண்டுகளுக்கு முந்தைய ஒலியைத் திரும்பப் பெற முயலவில்லை. அதே பொறியை, அதே ஒலிப்பதிவாளரை, அதே நீளத்துப் பாடலை 2012-இல் ஒன்றுகூட்டுவதைத் திறமை என்று ஒப்புக்கொள்வேன். அந்த இசையின் துணிச்சல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதே காலத்தில், 2012 அக்டோபரில், டேம் இம்பாலாவின் 'லோனரிஸம்' வெளிவந்தது. குழுவின் பெயரில் வந்தாலும், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த கெவின் பார்க்கர் ஏறத்தாழ எல்லாக் கருவிகளையும் தாமே வாசித்துத் தனியாகப் பதிவு செய்தது அது. அவரும் பழையவர்களுக்குக் கடன்பட்டவர்தான். டாட் ரண்ட்கிரனின் 1973-ஆம் ஆண்டு ஆல்பமான 'எ விசார்ட், எ ட்ரூ ஸ்டார்' தமக்கு எவ்வளவு முக்கியம் என்று அவரே சொல்லியிருக்கிறார். குரலைக் கேட்டால் ஜான் லெனன் நினைவுக்கு வராமல் போகாது. ஆயினும் அதில் டிரம்ஸ் ஒலி நொறுங்கும் அளவுக்கு அழுத்தப்பட்டிருக்கிறது, எது கிடார் எது சிந்தசைசர் என்று பிரித்தறிய முடியாதபடி எல்லாம் ஒரே சுழற்சியில் கலக்கின்றன. 1967-இல் யாரும் இப்படி ஓர் ஒலியைக் கேட்டிருக்க முடியாது. தனிமையைப் பற்றிய ஆல்பத்தைத் தனியாக ஒருவரே செய்தார் என்பதில் செய்முறையும் பொருளும் ஒன்றாகின்றன. அதன் இறுதிக் கலவையைச் செய்தவர் டேவ் ஃப்ரிட்மன், அவர் பங்கும் சிறிதல்ல.

நான் காக்ஸ் டவுனில் வளர்ந்தவன், இந்த இசையை நாலாவது பிரதி கேசட்டுகளில் கேட்டவன். 2002 ஏப்ரலில் பிங்க் ஃப்ளாய்டின் ராஜர் வாட்டர்ஸ் நம் ஊர் பேலஸ் மைதானத்துக்கு வந்தபோது கூட்டத்தில் நானும் இருந்தேன்; அதைப் பற்றி நீளமாக எழுத ஆசைதான், ஆனால் இங்கே அது பேச்சல்ல. பழையதன்மேல் பற்று இல்லாதவன் பேசுகிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சாப்புதாளம்:

மிருதங்கம் கற்ற நண்பருக்கு ஏன் கணக்கு நிற்கவில்லை என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. நம் முறையில் தாளம் என்பது பாடல் முழுவதும் மாறாத சட்டகம். ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் அசையாமல் நிற்க, வாசிப்பவர் அதற்குள் ஐந்தும் ஏழும் ஒன்பதுமாகக் கோர்த்து, கோர்வையை, அதாவது கணக்கிட்டுக் கட்டிய முடிப்பை, மூன்று முறை வாசித்துச் சமத்தில் கொண்டுவந்து இறக்குகிறார். அதைக் கேட்கும் சுகமே அந்த இறக்கத்துக்காகக் காத்திருப்பதில்தான் இருக்கிறது. திருப்புகழின் சந்தத் தாளங்கள் எவ்வளவு சிக்கலானவை என்றாலும், ஒரு பாடலுக்கு எடுத்த சந்தம் அந்தப் பாடல் முடியும்வரை மாறுவதில்லை.

புரோகிரசிவ் ராக் இசையில் சட்டகமே பாடலின் நடுவில் மாறும். பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலிருந்து ஏழு அடிகள். சாக்ஸபோன் தனியாவர்த்தனமும் அதே ஏழில்தான். கிடார் வரும்போது பாடல் நான்குக்கு மாறிவிடும், பிறகு பல்லவிக்குத் திரும்பும்போது மறுபடியும் ஏழு. நம் கை நான்கைத் தட்டிக்கொண்டு பழைய ஏழின் சமத்துக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்பு பழகியவருக்கு ஏழு கடினம் அல்ல. அறிவிப்பு இல்லாமல் ஏழிலிருந்து நான்குக்குப் போவதுதான் கடினம்.

நம் வழிக்கு மிக நெருங்கி வரும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஜெனிசிஸ் குழுவின் 1972-ஆம் ஆண்டு ஆல்பமான 'ஃபாக்ஸ்ட்ராட்டில்' 'சப்பர்ஸ் ரெடி' என்ற இருபத்து மூன்று நிமிடப் பாடல் இருக்கிறது. அதன் பிற்பகுதியில் டிரம்ஸும் பேஸும் கிடாரும் மூன்று, இரண்டு, நான்கு என ஒன்பதை விடாமல் வாசிக்கின்றன. ஆர்கன் வாசிக்கும் டோனி பேங்க்ஸ் அந்த ஒன்பதைப் பொருட்படுத்தாமல் தம் போக்கில் கணக்குகளை விரித்துக்கொண்டே போகிறார். ஒன்பது எண்ணிக்கை கொண்ட சங்கீர்ண சாப்பில் ஒரு தனி என்று எண்ணிக்கொண்டு கேளுங்கள். கை தானாக நிலைபெற்றுவிடும். அதைப் பழகிய பின்னர் 'லுமினாலுக்கு' வந்தால், பேஸ் கிடாரும் டிரம்ஸும் பாய்ந்து ஓடிச் சட்டென்று நிற்கும் இடங்கள் அவ்வளவு மிரட்டா.

அன்றைய ராக் இசைஞர்களுக்கு நம் கணக்கு அந்நியமாகவும் இருக்கவில்லை. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவை நடத்திய கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், எழுபதுகளின் நடுவிலேயே எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் அமர்ந்துவிட்டார். நம் ஊர் 'அகம்' குழு கர்நாடகக் கிருதிகளை ராக் இசையோடு இசைப்பதை நண்பர் கேட்டிருப்பார் என்று நம்புகிறேன். இல்லையென்றால் 2012-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்திலிருந்து தொடங்கலாம்.

அல்சூர்வாசி:

மூவருக்கும் நன்றி. 'சப்பர்ஸ் ரெடி' பாடலின் அந்தப் பகுதியை நேற்றிரவு கேட்டேன். மூன்று, இரண்டு, நான்கு என்று சொல்லிக்கொண்டே தட்டியபோது கை நின்றது. ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. எழுபதுகளின் பாடல்கள் ஏன் பெரும்பாலும் இருபது நிமிடத்தை ஒட்டியே நீண்டன? 'ரேவனில்' ஆறே பாடல்கள் இருந்தும் எதுவும் அந்த நீளத்துக்குப் போகவில்லையே?

ஊசிமுனை:

இசைத்தட்டு சேர்க்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நல்ல ஒலித்தரத்தோடு அடங்குவது ஏறத்தாழ இருபது முதல் இருபத்திரண்டு நிமிடங்கள். அதற்குமேல் நீட்டினால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கிச் செதுக்க வேண்டும். நெருக்கினால் ஒலியின் அளவையும் கனத்தையும் குறைக்க வேண்டும். யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடி முதல் பக்கத்தை முழுதாக எடுத்துக்கொண்டதும், பிங்க் ஃப்ளாய்டின் 'எக்கோஸ்' ஒரு முழுப் பக்கமாக அமைந்ததும் இந்த எல்லையை ஒட்டித்தான். கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பும் இடைவெளியையும் அவர்கள் இசையமைப்பின் பகுதியாகவே கருதினார்கள். 'ரேவன்' ஐம்பத்து நான்கு நிமிடங்களைத் தாண்டுவதால், அதன் இசைத்தட்டு இரண்டு தட்டுகளாக வருகிறது; ஒவ்வொரு பக்கத்திலும் ஓரிரு பாடல்களே. குறுந்தட்டுக் காலத்து நீளத்தில் எழுதப்பட்டு, இசைத்தட்டுக் காலத்து ஒலியில் பதிவான ஆல்பம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பழையகேசட் அவர்களுக்கு ஒரு செய்தி. வில்சன் 1987-இல் போர்க்குபைன் ட்ரீ என்ற தம் குழுவைத் தொடங்கியதே ஒரு விளையாட்டாகத்தான். எழுபதுகளில் இருந்து மறைந்த புகழ்பெற்ற குழு என்று ஒரு பொய் வரலாற்றை நண்பருடன் சேர்ந்து புனைந்து, அந்த இல்லாத குழுவுக்காகப் பாடல்களைப் பதிவு செய்தார். நகல் செய்வது என்ன என்பதை அறியாமல் அதில் விழுந்தவர் அல்லர் அவர். அதை இருபத்தைந்து ஆண்டுகளாக ஒரு கலையாகவே பயின்றவர். நரம்பிசைப் பகுதிகளை எழுத, எழுபதுகளின் கேன்டர்பரி வட்டம் என்ற ஆங்கிலேய புரோகிரசிவ் ராக் இசைஞர் கூட்டத்தைச் சேர்ந்த டேவ் ஸ்டூவர்ட்டை அழைத்ததும் அந்தப் பயிற்சியின் தொடர்ச்சியே.

பழையகேசட்:

போர்க்குபைன் ட்ரீயின் கதை எனக்கும் தெரியும். அந்த விளையாட்டுத்தனம் 'ரேவனில்' இல்லை என்பதே என் குறை. 'லுமினால்' தொடக்கத்தில் பேஸ் கிடார் யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயரைப் போலவும், இடையில் வரும் கூட்டுக்குரல்கள் அதே குழுவைப் போலவும் ஒலிக்கும்போது, கேட்பவர் பாடலை விட்டுவிட்டுப் பெயர்களைத் தேடத் தொடங்கிவிடுகிறார்.

கடைசிப் பாடலை மட்டும் இந்தக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறேன். சிறுவயதில் இறந்துபோன அக்காவின் உருவை ஒரு காகத்தில் காணும் முதியவரின் கதை அது. தனிப் பியானோவில் தொடங்கி, வேகத்தை எங்கும் கூட்டாமல், நரம்பிசையை மெதுவாக உள்ளே விடுகிறார்கள். கத்ரி கோவனைப் போன்ற கிடார் கலைஞர் கையில் இருந்தும் திறமையைக் காட்டும் இடம் ஒன்றுகூட இல்லை. அந்த எட்டு நிமிடங்களில் 1972-ஐத் தேட எனக்குத் தோன்றியதில்லை. அலுவலக நண்பருக்கு எதையாவது போட்டுக் காட்ட விரும்பினால் அதைப் போடுங்கள், முதல் பாடலை வேண்டாம்.